சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு போன்

எனக்குக் கோபம் வந்தால் கண்ணு மண்ணு தெரியாது. பாலிடெக்னிக்கில் கணக்கு வாத்தியாராக இருந்த காலத்தில் அதை ஒரு தகுதி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வராந்தாவில் என் செருப்புச் சத்தம் கேட்டாலே வகுப்பு அடங்கிவிடும். ஓய்வு பெற்ற பிறகு அடங்குவதற்கு ஆள் இல்லை. வீட்டில் நானும் என் மனைவியும் மட்டும்தான். அவள் என்னிடம் அடங்கிப் போகிறவள் மாதிரித் தெரியும். உண்மையில் என்னோடு மோதாமல் சுற்றிக்கொண்டு போகிறவள். அது எனக்குப் புரிய முப்பத்தாறு வருடமும் ஒரு சாவும் வேண்டியிருந்தது.

சோமனூரில் எங்கள் தெரு முழுக்கத் தறிக்குடோன்கள். காலையில் இருந்து தறிச் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். வெளியூர் ஆட்கள் வந்தால் எப்படித்தான் இருக்கிறீர்களோ என்பார்கள். எங்களுக்குக் கரண்ட் போனால்தான் சத்தம் என்று ஒன்று இருந்ததே தெரியும். குடோன்களின் தகரக் கூரைகளுக்கு நடுவில், எங்கள் அப்பா கட்டிய தடித்த சுவர் வீட்டுக்குள், செல்போன் சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காது. பேசவேண்டுமென்றால் மொட்டைமாடிக்கு ஏறவேண்டும். அதனால் எங்களுக்கு நெட் கனெக்‌ஷன் என்பது குடிதண்ணீர்க் குழாய்க்கு அடுத்தபடி.

ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல், அரியர் வைத்திருக்கும் டிப்ளமோ பையன்களுக்குச் சாயங்காலம் ஏழில் இருந்து எட்டரை வரை வீடியோவில் கணக்கு எடுத்தேன். ஏழு இருபத்தைந்து வரை எல்லாம் ஒழுங்காக இருக்கும். அதற்குப் பிறகு என் முகம் வாயைப் பிளந்தபடி உறைந்து நின்றுவிடும். ‘சார், உங்க வாய்ஸ் கட்டாகுது சார்’ என்று பையன்கள் எழுதுவார்கள். எட்டேகால் ஆனதும் யாரோ குழாயைத் திறந்துவிட்ட மாதிரி சரியாகிவிடும். தினமும் இதே அக்கப்போர்.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுக் கத்தினேன். எதிர்முனையில் இருந்த பெண் பொறுமையாக, வீட்டில் எத்தனை பேர் உபயோகிக்கிறீர்கள் என்று கேட்டாள். ரெண்டே பேர், நானும் என் சம்சாரமும், என்றேன். அப்படியானால் எப்படி சார் அஞ்சு டிவைஸ் காட்டுகிறது என்றாள். எண்ணிப் பார்த்தேன். என் லேப்டாப், என் போன், அவள் போன், டிவி. ஐந்தாவது எது என்று தெரியவில்லை. ஆப்பில் போய்ப் பார்த்தால் ஏதோ ஒரு போன் மாடலின் பெயர் இருந்தது. தினமும் ஏழு இருபத்தைந்துக்கு உள்ளே வரும், எட்டேகாலுக்குப் போய்விடும்.

மனைவியிடம் கேட்டேன். தெரியலீங்களே, பக்கத்துல ஆராச்சுமா இருக்கும் என்றாள். அந்தப் பக்கத்தில் இருந்தது என் அண்ணன்.

அப்பாவின் வீட்டைப் பாகம் பிரித்தபோது முன்பாதி எனக்கு, பின்பாதி அண்ணனுக்கு. அவர்களுக்குப் பக்கவாட்டுச் சந்தில் வழி. நடுவில் சுவர் எழுப்பியபோது கொத்தனார் கட்டிய கயிறு ஒரு செங்கல் அகலம் என் பக்கம் நகர்ந்துவிட்டது என்று நான் சொன்னேன். அண்ணன் இல்லை என்றார். நான் விடவில்லை. ஊரார் முன்னால் அவரைத் திருடன் என்று சொல்லவில்லை, அதற்குப் பக்கத்தில் வரைக்கும் போனேன். அதோடு சரி. பதினோரு வருடம் பேச்சு இல்லை. எங்கள் பக்கம் இதைப் ‘போக்குவரத்து இல்லை’ என்பார்கள். நல்லதுக்குப் போவதில்லை. அவருடைய ஒரே மகள் கல்யாணத்துக்கும் நான் போகவில்லை. சண்டையில்கூட ‘ங்க’ போட்டுப் பேசுகிற ஊர் இது. அதனால் வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு எங்கள் பகை ரொம்ப மரியாதையானதாகத் தெரியும்.

அந்த மகள் கல்யாணமாகிக் கனடா போனாள். மூன்று வருடத்துக்கு முன்னால் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கட்டிலோடு கிடப்பு. அவர்கள் தனியாக ஒரு நெட் கனெக்‌ஷன் கேட்டிருக்கிறார்கள். கம்பம் என் வீட்டு முன்னால் தெருவில் இருக்கிறது, லைன் என் மொட்டைமாடியைத் தாண்டித்தான் பின்னால் போகவேண்டும். கம்பெனி ஆள் என்னிடம் அனுமதி கேட்க வந்தான்.

“எம்பட மாடி மேல ஒத்தக் கம்பி போகப்படாது” என்றேன்.

செரிங்க சார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அத்தனை சுலபமாக முடிந்ததில் எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. இன்னும் நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாமல் நடந்தது. அடுப்படியில் சிக்னல் கிடைக்கவில்லை, சமைக்கும்போது பாட்டுக் கேட்க முடியவில்லை என்று என் மனைவி மோடத்தை முன்னறையில் இருந்து எடுத்து அடுப்படி அலமாரிக்கு மாற்றச் சொன்னாள். அலமாரி இருந்தது நடுச் சுவரில். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணனின் கட்டில். வைஃபைக்கு அவள் வைத்த பெயர், எங்கள் அப்பா இந்த வீட்டுக்கு வைத்த பெயர். பாஸ்வேர்டை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, ஒரு செவ்வாய்க்கிழமை மாரியம்மன் கோயிலில் அண்ணி கையில் கொடுத்திருக்கிறாள். கனடாவில் பொழுது விடிந்து, பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்பிக்கொண்டே அந்தப் பெண் போனில் வரும்போது இங்கே ஏழரை. அந்த முக்கால் மணி நேரத்துக்காகத்தான் என் அண்ணன் மீதி இருபத்து மூன்று மணி நேரத்தைக் கட்டிலில் கழித்திருக்கிறார்.

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். தறிகள் நின்ற நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் சிரிப்பதும், குழந்தை ஏதோ பாடுவதும், அண்ணன் குழறிக் குழறிப் பதில் சொல்வதும் என் காதில் விழுந்திருக்கின்றன. அந்த வீட்டில் குழந்தை கிடையாது. கணக்கு வாத்தியாருக்கு இந்தக் கணக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நான் போட்டுப் பார்க்கவில்லை. போட்டுப் பார்த்தால் விடை வந்துவிடும் என்று எனக்குள் எவனோ ஒருவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

கம்பெனியை மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். ஒரு வருட அக்ரிமெண்ட், ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. நடுவில் விட்டுப் போகக் கூடாது சார் என்றார்கள். கட்டிய பணம் திரும்ப வராது என்றார்கள். அடுத்து ஒரு மேலதிகாரி பேசினார், வேகத்தைக் கூட்டித் தருகிறேன் என்றார். அவரிடம் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. உங்க அக்ரிமெண்ட்டை நீங்களே மடிச்சு வெச்சுக்குங்க என்பதுதான் அதில் கடைசி வரி. போனை வைத்தேன். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு என் மனைவி தட்டில் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

“இன்னும் ஏழு மாசந்தானுங்க. பல்லைக் கடிச்சுட்டு இருந்துபோட்டு, அப்பறம் மாத்திக்கலாமுங்க.”

“ஏழு நாளுகூட முடியாது” என்றேன்.

அவள் குழம்பை ஊற்றினாள். நான் அவள் சிக்கனம் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அவள் என்னிடம் ஏழு மாதம் கேட்டாள் என்பது இப்போது புரிகிறது.

புதுக் கம்பெனிக்காரர் இரண்டாம் நாளே வந்துவிட்டார். நாற்பது வயது இருக்கும், நல்ல வேலைக்காரர். ரூட்டரை அடுப்படியில் வைக்கச் சொல்லி என் மனைவி கேட்டாள். கேபிள் பத்தாதுங்க, முன்னறையிலேயே இருக்கட்டும் என்றார். நானும் முன்னறை என்றேன். பெயரும் பாஸ்வேர்டும் என்ன வைக்கலாம் என்று கேட்டார்.

“பழசே இருக்கட்டுமுங்க” என்றாள் என் மனைவி. “எல்லாப் போன்லயும் மறுக்கா போட வேண்டியதில்லை பாருங்க.”

ஆமாங்க, நெறைய ஊட்டுல அப்படித்தான் வெப்பாங்க என்று அவர் பழையதையே அடிக்கப் போனார். நான் கையை நீட்டித் தடுத்தேன். வேண்டாம், இத்தனை நாளாக யாரோ திருட்டுத்தனமாக உபயோகிக்கிறார்கள், புதிதாக வையுங்கள் என்றேன். திருட்டு என்ற வார்த்தையைச் சொல்லும்போது நான் நடுச் சுவரைப் பார்த்தேனா இல்லையா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். எவனாலும் ஊகிக்க முடியாத பதினாறு எழுத்தில் பாஸ்வேர்டு வைத்தேன். என் மனைவியின் போனில்கூட நானே அடித்துக் கொடுத்தேன். அவள் போனை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அன்றைக்கு வகுப்பு ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. ஏழரை மணிக்கு வேண்டுமென்றே ஒரு நீளமான கணக்கை எடுத்து, ஒரு மூச்சில் போட்டு முடித்தேன். பையன்கள் கைதட்டல் படம் அனுப்பினார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தால் என்னை நானே அறையவேண்டும் போல இருக்கிறது.

சில நாள் கழித்து, வடகம் எடுக்க மாடிக்குப் போனபோது அண்ணியைப் பார்த்தேன். பின்பக்கத்து மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் செங்கல் மேல் ஏறி, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். அண்ணன் எப்படி இங்கே ஏறுவார் என்ற கேள்வி எனக்கு வரவில்லை. வடகத்தை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

ஒரு நாள் என் மனைவி சாதாரணமாகக் கேட்கிற மாதிரி, புதுப் பாஸ்வேர்டு என்னங்க என்றாள். எதற்கு என்றேன். சும்மாதானுங்க என்றாள். சும்மா எதற்கு என்றேன். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். தறிகள் நிற்கும் நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து இப்போது ஒன்றும் கேட்பதில்லை. நிம்மதியாக இருக்கிறது என்று அவளிடமே ஒருமுறை சொன்னேன். பாவி, அதையும் சொன்னேன்.

கம்பெனி மாறிய நான்காம் மாதம் ஒரு காலையில் அண்ணியின் தம்பி வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. பெரியவரு போயிட்டாருங்க என்று மட்டும் சொன்னார். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போகவேண்டும், அது எங்கள் பக்கம் மாறாத வழக்கம். சட்டையை மாட்டிக்கொண்டு, பதினோரு வருடத்துக்குப் பிறகு அந்தச் சந்துக்குள் நடந்தேன். இருபது தப்படிகூட இல்லை.

அண்ணன் பாதியாக இளைத்திருந்தார். அப்பாவின் முகம் அப்படியே வந்திருந்தது. கட்டில் நடுச் சுவரை ஒட்டிக் கிடந்தது. படுத்தபடி பார்க்க வசதியாக, சுவரில் ஆணி அடித்து ஒரு கம்பியை வளைத்துப் போன் வைக்கத் தாங்கி செய்திருந்தார்கள். அது எந்த இடம் என்று எனக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. சரியாக எங்கள் அடுப்படி அலமாரிக்குப் பின்னால். அந்தத் தாங்கியைப் பார்த்த பிறகு எனக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திரும்பினேன். என் மனைவி வாசல்நிலையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகளால் வர முடியவில்லை. வயிற்றில் எட்டு மாதம், விமானம் ஏற டாக்டர் விடவில்லை. அப்பா முகத்தை மட்டும் காட்டச் சொல்லி அழுகிறாள் என்றார்கள். ஒறம்பரையாக வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு சந்துக்குள் முன்னும் பின்னும் நடந்தார்கள். சிக்னல் இல்லை. யாரும் என்னிடம் கேட்கவில்லை. இழவு வீட்டிலும் எங்கள் ஆட்கள் ஒருவரைச் சங்கடப்படுத்த மாட்டார்கள்.

நான் வீட்டுக்குப் போய் ரூட்டரை எடுத்துச் சந்துப் பக்கத்து ஜன்னலில், கேபிள் எட்டுகிற வரைக்கும் இழுத்து வைத்தேன். அதற்குள் அண்ணனைக் குளிப்பாட்டச் சந்து வாசலில் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். அண்ணியிடம் அவர்கள் போனைக் கேட்டு வாங்கினேன். வைஃபை பட்டியலைத் திறந்தால் முதலில் அந்தப் பழைய பெயர், அப்பா வீட்டுக்கு வைத்த பெயர், எட்டவில்லை என்ற குறிப்போடு நின்றது. அதற்குக் கீழே என் புதுப் பெயர். பதினாறு எழுத்தையும் அடித்தேன். இரண்டு தரம் தப்பானது.

அவள் திரையில் வந்தாள். போனை அண்ணன் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். ரொம்ப நேரம் அழுதாள். பிறகு அழுகை அடங்கி, போனை யார் பிடித்திருக்கிறது என்று கேட்டாள். என் பக்கம் திருப்பினேன்.

“சித்தப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்னு ரொம்ப நாளா இருந்தனுங்க. நீங்க நெட்டுக் குடுத்தீங்கல்ல, அப்பாவுக்கு அதுல அத்தன சந்தோசமுங்க. ‘தம்பிக்குக் கோவம் ஆறிப்போச்சு கண்ணு, அவனே பாஸ்வேர்டு குடுத்துட்டான்’னு போன்ல வந்ததும் மொதல்ல அதைத்தான் சொல்லுவாரு.”

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

“அப்பறம் நின்னுபோச்சுங்க. உங்ககிட்டக் கேளுங்கன்னு அம்மாகிட்டச் சொன்னனுங்க. அப்பாதான் வேண்டான்னுட்டாராம். ‘அவனாக் குடுத்தான், அவனா எடுத்துக்கிட்டான், கேட்டு அவன சங்கடப்படுத்தப்படாது’ன்னு சொல்லிப்போட்டாராம்.” முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நாங்க ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டமுங்களா சித்தப்பா?”

இல்லை கண்ணு என்றேன். அந்தப் பெண்ணிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது. அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாளுக்குப் பிறகு.

அண்ணனுக்கு மகன் இல்லை. பங்காளி, தம்பி, நான்தான் கொள்ளி வைத்தேன். சாங்கியம் எல்லாவற்றையும் என்னைக்கொண்டே செய்ய வைத்தார்கள். ஒருவரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பி முறையாக வந்து நின்றாரே என்று ஒரு பெரியவர் மெச்சக்கூடச் செய்தார். அப்போதே அந்த இடத்திலேயே யாராவது என் சட்டையைப் பிடித்திருக்கலாம்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மனைவியிடம் கேட்டேன். நான் கொடுத்ததாக அண்ணனிடம் சொல்லச் சொன்னது அவள்தான். அப்படிச் சொன்னால்தான் அவர் வாங்கிக்கொள்வார், இல்லாவிட்டால் தொடமாட்டார் என்று அண்ணி சொன்னார்களாம். என்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் அவள் என்னை நேராகப் பார்த்துப் பேசியது அன்றைக்குத்தான்.

“சொல்லியிருந்தா குடுத்திருப்பீங்களா?”

கேட்டுவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதே ஆளை வரச்சொல்லி, கேபிளை நீட்டி, ரூட்டரை அடுப்படி அலமாரிக்குக் கொண்டுபோனேன். பழைய பெயர், பழைய பாஸ்வேர்டு. நல்லாத்தான சார் போயிட்டிருந்துது என்றார் அவர். ஏழு இருபத்தைந்துக்கு ஆப்பில் ஐந்தாவதாக அந்தப் போன் மாடலின் பெயர் வருகிறது. அண்ணி மகளோடு பேசுகிறார்கள். இப்போது பேத்தி வேறு பிறந்திருக்கிறாள். என் வகுப்பு சில நாள் நிற்கிறது, சில நாள் நிற்பதில்லை. நின்றால் பையன்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அண்ணன் குரல் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அதை மட்டும் எந்தக் கம்பெனியாலும் கொண்டுவர முடியாது.

போன வாரம் பழைய கம்பெனியில் இருந்து ஒரு பெண் பேசினாள். நான் பாதியில் விட்டுப் போன அந்த ஒரு வருட அக்ரிமெண்ட் அன்றோடு முடிகிறதாம். மறுபடி எங்களிடமே வாருங்கள் சார், நல்ல திட்டம் இருக்கிறது என்றாள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கோபத்தை அடக்கிக்கொண்டு அந்த ஒப்பந்தத்தில் இருந்திருந்தால், அண்ணன் போன பிறகும் அதில் மூன்று மாதம் மிச்சம் இருந்திருக்கும். கடைசி நாள் வரைக்கும் அவர் மகளைப் பார்த்திருப்பார்.

எதனால் சார் எங்களை விட்டுப் போனீங்க, ஸ்பீடு பத்தலையா என்று கேட்டாள். உங்க பேர்ல ஒரு தப்பும் இல்லீங்கம்மா என்றேன். அவளுக்கு அது பழக்கமில்லாத பதில் போல. தனக்கு எழுதிக் கொடுத்திருந்த அடுத்த கேள்விக்குப் போனாள்.

“வீட்ல எத்தனை பேருங்க சார் யூஸ் பண்றீங்க?”

“நாலு பேருங்க” என்றேன். அவள் தட்டச்சு செய்வது கேட்டது. “இல்லீங்க. இப்ப மூணு பேரு.”